குளுக்கோஸ் சென்சார் முதல் உயிரி எரிபொருள் கலம் வரை: ரெடாக்ஸ் நொதி மின்முனை தயாரிக்க முழுமையான வழிகாட்டி

நொதி மின்முனை, அதாவது எலக்ட்ரானை இடம் மாற்றும் ரெடாக்ஸ் நொதியைப் பூசிய மின்முனை, செய்யப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். நொதிப் புட்டி கைக்கு வந்த அன்றே கரைத்து, மின்முனையில் ஒரு சொட்டு விட்டு, குளுக்கோஸ் சேர்த்துப் பார்க்கிறார்கள். மின்னோட்டம் அசையாது. கோளாறு நொதியிலா, மின்முனையிலா, படலத்திலா, குளுக்கோஸ் கரைசலிலா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. வாரக்கணக்கில் நேரமும், விலை கூடிய நொதியும் இப்படித்தான் வீணாகின்றன.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு அடுக்கையும் தனியாகச் சோதியுங்கள். அது தேறிய பிறகே அடுத்த அடுக்கைப் போடுங்கள். நொதி மின்முனைக்கு வருவது கடைசியில். முதல் பாதியில் பிளாட்டினம் மீது குளுக்கோஸ் சென்சார் செய்வோம். இரண்டாம் பாதியில் குளுக்கோஸையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு ஓடும் சிறு மின்கலம்.

## 1. வேலைக்கு ஏற்ற நொதியைத் தேர்ந்தெடுங்கள்

சென்சாருக்கு, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போதும். விலை குறைவு, உறுதியானது, குளுக்கோஸைத் தவிர வேறு சர்க்கரைகளை அவ்வளவாகத் தொடாது. குளுக்கோஸிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்துத் தன் உள்ளே இருக்கும் எஃப்ஏடி (FAD) என்ற சிறு மூலக்கூறில் வைத்துக்கொள்ளும்; பிறகு ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். பிளாட்டினம் அளப்பது அந்தப் பெராக்சைடைத்தான், குளுக்கோஸை அல்ல. இது மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே புரியும்.

மின்கலத்துக்கு இதே நொதி சரிப்படாது. அங்கே எஃப்ஏடி சார்ந்த குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் வேண்டும். அது ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்காது. காரணத்தை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

டிஹைட்ரோஜினேஸ் என்ற பெயரில் மூன்று வகை விற்பனையில் உண்டு. துணைக்காரணியை, அதாவது நொதியோடு சேர்ந்து எலக்ட்ரானை ஏந்தும் சிறு மூலக்கூறை, பார்த்து வாங்குங்கள். என்ஏடி (NAD) சார்ந்த வகைக்கு என்ஏடியைத் தனியாகக் கரைசலில் கொடுக்க வேண்டும். அதை மின்முனையில் நிறுத்தி வைப்பது பெரும்பாடு. பிகியூகியூ (PQQ) சார்ந்த வகை வேகமானது, ஆனால் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். ஐகோடெக்ஸ்ட்ரின் திரவத்தால் வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டவர்களின் இரத்தத்தில் மால்டோஸ் சேர்ந்து, இந்த நொதி உள்ள இரத்தச் சர்க்கரைச் சோதனைப் பட்டைகள் சர்க்கரையை மிகையாகக் காட்டின. அதை நம்பி இன்சுலின் கொடுத்ததில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. நொதித் தேர்வை நான் முதல் படியாக வைப்பது இதனால்தான். எஃப்ஏடி வகையிலும் சைலோஸ் குறுக்கிடும் என்பதைக் குறித்துவையுங்கள்.

## 2. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

கருவிகள்: பொட்டன்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தை நிறுத்தி வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி), 2 மில்லிமீட்டர் பிளாட்டினம் வட்டு மின்முனை, முடிந்தால் மூன்று, சில்வர்–சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் (ஒப்பு மின்முனை), பிளாட்டினம் கம்பி கவுன்டர் (எதிர் மின்முனை), காந்தக் கலக்கி, நீர்த்தொட்டி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். மின்கலத்துக்கு 3 மில்லிமீட்டர் கிளாஸி கார்பன் மின்முனைகள் இரண்டு.

குளுக்கோஸ் கரைசலை முந்தின நாளே செய்துவிடுங்கள். 1.80 கிராம் நீரற்ற குளுக்கோஸை பஃபரில் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) கரைத்து 10 மில்லிலிட்டர் ஆக்கினால் 1 மோலார் கிடைக்கும். புட்டியில் இருக்கும் தூள் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம். நொதி தொடுவதோ பீட்டா வடிவத்தை மட்டும். கரைசலில் ஆல்ஃபா மெல்லப் பீட்டாவாக மாறி, சுமார் 36-க்கு 64 என்ற விகிதத்தில் நிலைகொள்ளும். இரவு முழுவதும் வெளியே வைத்தால் அந்தச் சமநிலை வந்துவிடும். காலையில் கரைத்து உடனே பயன்படுத்தினால், மின்னோட்டம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். சென்சார் 'மேம்படுகிறது' என்று நினைத்துவிடுவீர்கள். சமநிலை வந்த பிறகு குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பஃபர் 0.1 மோலார் பாஸ்பேட், பிஎச் 7. இந்த வேலைக்கு டிரிஸ் வேண்டாம். டிரிஸ் மூலக்கூறில் அமைன் தொகுதி இருக்கிறது. நொதியைப் பிணைக்க நாம் சேர்க்கப்போகும் குளூட்டரால்டிஹைடை அது முதலில் பிடித்துக்கொள்ளும். அம்மோனியம் சல்பேட்டில் மிதக்கும் நிலையில் வரும் நொதிக்கும் இதே சிக்கல் உண்டு. அதை டயாலிசிஸ் செய்து அம்மோனியத்தை நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

நொதித் தூளை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் அரை மணி நேரம் வைத்து, புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். கடலோர ஊர்களில் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திறந்தால் அந்த ஈரம்தான் உள்ளே தூள் மீதும் படியும். ஈரம் பட்ட தூள் முதலில் கட்டியாகும், அப்புறம் செயல்திறனை இழக்கும். எடை போட்டதும் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே புட்டியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பது நொதிக்கு ஆகாது.

கரைக்கும்போது குலுக்கவே கூடாது. நுரை வந்தால், நுரைக்குமிழியின் மேற்பரப்பில் புரதம் விரிந்து கெடுகிறது என்று பொருள். புட்டியை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரையுங்கள்.

## 3. மின்முனைக்கு முன் நொதியை அளந்துவிடுங்கள்

புட்டி மேல் எழுதியிருக்கும் யூனிட் கணக்கு தயாரிப்பாளரின் நிலைமைகளில் அளந்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்கு அது பெரும்பாலும் பிஎச் 5.1, 35 டிகிரி. உங்கள் பிஎச் 7-இல், 25 டிகிரியில் எண் வேறாகத்தான் வரும். பயண வழியில் குளிர் விட்டுப்போயிருக்கவும் கூடும்.

சோதனை எளிது. பெராக்ஸிடேஸ், 4-அமினோ ஆன்டிபைரின், ஃபீனால், குளுக்கோஸ் நான்கும் உள்ள பஃபரில் நீர்த்த நொதியை விட்டால் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். 505 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஏறும் சரிவை, முதல் ஒரு நிமிடத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். புட்டி திறந்த நாள், அன்றைய சரிவு, இரண்டையும் புட்டியிலேயே எழுதி ஒட்டினால் ஒரு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

ஆய்வகத்தில் கிடக்கிறதே என்று மருத்துவ ஜிஓடி–பிஓடி (குளுக்கோஸ் ஆக்சிடேஸ்–பெராக்ஸிடேஸ்) சர்க்கரைச் சோதனைக் கிட்டை இதற்கு எடுக்கிறார்கள். எடுக்கக் கூடாது. அந்தக் கிட்டில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் நொதி செத்திருந்தாலும் நிறம் வரும்.

கேட்டலேஸ் கலப்பையும் இங்கேயே பாருங்கள். மலிவான தயாரிப்புகளில் கேட்டலேஸ் கலந்திருப்பது சகஜம். அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். நாம் அளக்க வேண்டிய பொருளே காணாமல் போகும். அடர்த்தியான நொதிக் கரைசலில் ஒரு துளி பெராக்சைடு விட்டதும் குமிழ் பொங்கினால், அந்த நொதி சென்சாருக்கு வேண்டாம்.

## 4. வெறும் மின்முனையைத் தேற்றுங்கள்

ஈரமான பாலிஷ் துணியில் 0.3 மைக்ரான் அலுமினா, பிறகு வேறு துணியில் 0.05 மைக்ரான். எட்டு வடிவில், மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். சாய்த்துத் தேய்த்தால் ஒரு பக்கம் தேய்ந்து, பிளாட்டினத்துக்கும் உறைக்கும் இடையே பிளவு விழும். கரைசல் அதில் புகுந்துகொண்டால் பின்னணி மின்னோட்டம் அடங்கவே அடங்காது. பெரிய துகள் துணியையும் சிறிய துகள் துணியையும் மாற்றி எடுத்துவிட்டால் பழைய கீறலே திரும்ப வரும்.

கழுவி, ஓரிரு நிமிடம் நீரில் சோனிகேட் (மீயொலியால் அதிர்வு) செய்யுங்கள். பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில் −0.2 முதல் +1.2 வோல்ட் வரை சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) ஓட்டுங்கள். எதிர்மப் பக்கத்தில் ஹைட்ரஜன் சிகரங்கள் தெளிவாகப் பிரிந்து, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை தொடருங்கள். சிகரங்கள் மங்கலாக, ஒரே மேடாகத் தெரிந்தால் மேற்பரப்பில் கரிமக் கறை இருக்கிறது; மீண்டும் பாலிஷ்.

இப்போது பெராக்சைடுச் சோதனை. 30 சதவீதப் பெராக்சைடு சுமார் 9.8 மோலார் என்று கணக்கு வைத்து நீர்க்கலாம், ஆனால் பழைய புட்டியை நம்ப முடியாது. 10 மில்லிமோலார் என்று நீங்கள் நினைக்கும் கரைசலை 240 நானோமீட்டரில் 1 சென்டிமீட்டர் குவெட்டில் பாருங்கள், ஒளி உறிஞ்சல் சுமார் 0.436 வர வேண்டும். அதை பஃபரில் படிப்படியாகச் சேர்த்து +0.6 வோல்ட்டில் மின்னோட்டம் அளந்தால், 10 மைக்ரோமோலார் முதல் 1 மில்லிமோலார் வரை நேர்கோடாக ஏறும். இந்தச் சரிவுதான் இனி வரும் எல்லா அடுக்குக்கும் உரைகல். நோட்டில் குறியுங்கள்.

ரெஃபரன்ஸ் மின்முனையையும் ஒரு பார்வை பாருங்கள். நுனியில் காற்றுக் குமிழி நின்றால் மின்னோட்டம் தாறுமாறாகக் குதிக்கும். விரலால் மெல்லத் தட்டினால் போய்விடும். இதைக் கவனிக்காமல் பொட்டன்ஷியோஸ்டாட்டையே சந்தேகப்பட்டு நாளைக் கழிப்பவர்கள் உண்டு.

## 5. நேஃபியான் அடிப்படலம்

+0.6 வோல்ட்டில் பெராக்சைடு மட்டுமல்ல, வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாம் ஆக்சிஜனேற்றம் அடையும். முதல் இரண்டும் பிஎச் 7-இல் எதிர்மின் சுமை உள்ளவை, நேஃபியான் என்ற பாலிமரும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளிவிடும். சுமையற்ற சிறிய பெராக்சைடு உள்ளே நுழைந்துவிடும்.

5 சதவீத நேஃபியானை எத்தனாலில் 0.5 சதவீதமாக நீர்த்து, 3 மைக்ரோலிட்டர் சொட்டி, அறை வெப்பத்தில் உலரவிடுங்கள். இதை நொதிக்குக் கீழே போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நேஃபியான் கரைசல் ஆல்கஹால் மிகுந்தது, அமிலத் தன்மையும் கூடியது. நொதியின் மேல் ஊற்றினால் நேரடியாக அதைக் கெடுக்கும். பல செய்முறைகளில் நேஃபியானை மேலே போடச் சொல்லியிருக்கும். புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பிறகு இரண்டு சோதனை. பெராக்சைடுச் சரிவு ஓரளவு குறைந்திருக்கலாம், ஆனால் நேர்கோடு கெடக் கூடாது. 0.1 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலத்துக்கான மின்னோட்டம், வெறும் பிளாட்டினத்தில் வந்ததைவிடப் பல மடங்கு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் படலத்தில் ஓட்டை, இன்னொரு பூச்சு. அஸ்கார்பிக் அமிலத்தை அன்றன்றே கரையுங்கள், அது கரைசலில் தானாகவே சிதையும்.

பாராசிட்டமாலுக்கு நேஃபியான் தடையில்லை. அதற்குச் சுமை கிடையாது. அது முக்கியமான மாதிரிகளில் மெட்டா ஃபீனைலீன் டைஅமீனை மின்முறையில் பாலிமராக்கிய படலம் உதவும். அளவைப் பார்த்துச் சலிப்பதால் அது பாராசிட்டமாலையும் பெருமளவு நிறுத்தும்.

## 6. நொதிப் படலம்

இப்போதுதான் நொதி. பாஸ்பேட் பஃபரில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் நொதி, 50 மில்லிகிராம் மாட்டு சீரம் அல்புமின் உள்ள கரைசல் 50 மைக்ரோலிட்டர், 2.5 சதவீதக் குளூட்டரால்டிஹைடு 10 மைக்ரோலிட்டர். கலந்த பிறகு குளூட்டரால்டிஹைடு சுமார் 0.4 சதவீதம் இருக்கும். உடனே 2 மைக்ரோலிட்டரை மின்முனையில் சொட்டுங்கள். கலவை சில நிமிடங்களில் இறுக ஆரம்பிக்கும். பிப்பெட் நுனியில் நூல்போல இழுத்தால் அந்தக் கலவையை விட்டுவிடுங்கள். புகைக்கூண்டுக்குள், கையுறையோடு வேலை செய்யுங்கள். குளூட்டரால்டிஹைடு ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும்.

அல்புமின் வீண் செலவு அல்ல. குளூட்டரால்டிஹைடு லைசின் அமைன்களைப் பிணைக்கிறது. அல்புமினில் லைசின் நிறைய. பிணைப்பின் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்வதால் நொதியின் வடிவம் தப்பிக்கிறது. கெட்டியாக இருக்கட்டும் என்று குளூட்டரால்டிஹைடைக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. படலம் நன்றாக மஞ்சளாகி, தொட்டால் உடையாமல் அருமையாக இருக்கும். மின்னோட்டம் மட்டும் வராது.

உலர்த்துவது குளிர்பெட்டியில், மூடிய பெட்டிக்குள், இரவு முழுவதும். மின்விசிறிக்கு அடியில் வேகமாக உலர்த்தினால் ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த வளையம் உண்டாகும், விரிசலும் விடும். காலையில் பஃபரில் அரை மணி நேரம் கலக்கிக் கழுவுங்கள். அந்தக் கழுவுநீரைக் கொட்டிவிடாமல் 3ஆம் பகுதியின் நிறச் சோதனையில் ஒரு துளி விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் நொதி கசிகிறது. நிறம் வராதவரை கழுவிய பிறகே அளவீடு.

கூடவே நொதி இல்லாத, அல்புமின் மட்டும் உள்ள மின்முனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். குளுக்கோஸ் சேர்க்கும்போது அதில் மின்னோட்டம் ஏறினால், நீங்கள் அளப்பது நொதியின் வேலையை அல்ல.

## 7. அளவீடு

10 மில்லிலிட்டர் பஃபர், 25 டிகிரி நீர்த்தொட்டி, மாறாத கலக்கல், +0.6 வோல்ட். பின்னணி மின்னோட்டம் தட்டையாகும்வரை காத்திருங்கள். 20 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். பொறுமையில்லாமல் சரிவிலேயே குளுக்கோஸ் சேர்த்தால், முதல் இரண்டு மூன்று புள்ளிகள் எப்போதும் பொய் சொல்லும்.

1 மோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் கலத்தில் 1 மில்லிமோலார் கூடும். ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் மின்னோட்டம் படியாக ஏறி நிற்க வேண்டும். ஏறுவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் படலம் தடிமன். ஏறிவிட்டு இறங்கினால் ஆக்சிஜன் தீர்கிறது. கலக்கல் நின்றதும் மின்னோட்டம் பெரிதாக விழுந்தால் வெளிச் சவ்வு தேவை.

வெப்பத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர் கோடையில், குளிரூட்டி இல்லாத ஆய்வகத்தில் காலை அளவீடும் மதிய அளவீடும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு நொதியும் பரவலும் வெப்பத்தோடு வேகமெடுப்பதே காரணம்.

முடிவு எழுதும்போது இரண்டு விஷயம். வளைந்த கோட்டின் மேல் நேர்கோட்டைத் திணிக்காதீர்கள். எந்த அளவு வரை நேராக இருக்கிறதோ அதுவே உங்கள் எல்லை. அப்புறம், ஒரே மின்முனையில் மூன்று முறை அளப்பது மூன்று மின்முனைகள் ஆகாது. படலத்துக்குப் படலம் வரும் வேறுபாடுதான் உண்மையான பிழை.

## 8. ஆக்சிஜன் பற்றாக்குறையும் வெளிச் சவ்வும்

காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் 25 டிகிரியில் ஆக்சிஜன் சுமார் 0.25 மில்லிமோலார்தான். சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் இரத்தத்தில் குளுக்கோஸ் 10 மில்லிமோலாரைத் தாண்டலாம். டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று படிக்கும் அளவு அது. ஒரு குளுக்கோஸுக்கு ஓர் ஆக்சிஜன் வேண்டும் என்னும்போது, குளுக்கோஸ் கூடியதும் சென்சார் ஆக்சிஜனை அளக்கத் தொடங்கிவிடும். கோடு வளைவதன் காரணம் பல நேரம் இதுதான்.

மேலே மெல்லிய பாலியூரிதேன் சவ்வு போட்டால், அது ஆக்சிஜனைவிடக் குளுக்கோஸை அதிகம் தடுக்கும். மின்னோட்டம் குறையும், ஆனால் நேர்கோட்டு எல்லை நீளும். பாலியூரிதேனைக் கரைக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரான் நொதிக்குக் கேடு. அதனால் நன்றாகப் பிணைத்து உலர்ந்த படலத்தின் மேல் ஒரே தடவை தோய்த்து எடுங்கள்.

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. சவ்வு உள்ளே விடும் குளுக்கோஸைவிட நொதியின் திறன் மிகுதியாக இருந்தால், நொதியில் ஒரு பகுதி செத்தாலும் அளவீடு மாறாது. நாள்பட உழைக்கும் சென்சார்கள் நிலையாக இருப்பது இதனால்தான். மின்னோட்டம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம்.

## 9. மின்கலம்: ஆனோடு

ஆனோடு குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானை வாங்கும் முனை, கேத்தோடு அதை ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் முனை. இங்கே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஏன் கூடாது? எலக்ட்ரான் மின்முனைக்குப் போக வேண்டும். அது ஆக்சிஜனிடம் போனால் நமக்கு நட்டம். கேத்தோடுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிடும். விளையும் பெராக்சைடு கேத்தோடு நொதியைக் கெடுக்கும். எஃப்ஏடி சார்ந்த டிஹைட்ரோஜினேஸில் மூன்று சிக்கலும் இல்லை.

மீடியேட்டர், அதாவது நொதியிலிருந்து எலக்ட்ரானை மின்முனைக்குச் சுமந்து செல்லும் சிறு மூலக்கூறு, கட்டாயம். எஃப்ஏடி புரதத்துக்குள் புதைந்து கிடக்கிறது. எலக்ட்ரான் தானாக வெளியே தாண்டாது. கார்பன் நானோகுழாயில் குளுக்கோஸ் ஆக்சிடேஸை ஒட்டினால் −0.45 வோல்ட் பக்கம் அழகான சிகரம் வரும். அதைக் காட்டி 'நேரடி எலக்ட்ரான் பரிமாற்றம்' என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஆனால் நொதியிலிருந்து கழன்று வந்த எஃப்ஏடியும் அதே இடத்தில்தான் சிகரம் தரும். ஆர்கான் செலுத்தி ஆக்சிஜனை நீக்கிய கரைசலில் குளுக்கோஸ் சேர்த்ததும் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் அந்தச் சிகரத்துக்கும் வினையூக்கத்துக்கும் தொடர்பில்லை. இந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்திருந்தால் எத்தனையோ பேர் தவறான வழியில் போயிருக்க மாட்டார்கள். செல்லோபயோஸ் டிஹைட்ரோஜினேஸ், ஃப்ரக்டோஸ் டிஹைட்ரோஜினேஸ் போன்றவற்றில் ஹீம் பகுதி இருப்பதால் அவற்றால் உண்மையிலேயே நேரடியாகக் கொடுக்க முடிகிறது.

செய்முறை: பல சுவர் கார்பன் நானோகுழாயை என்-மெத்தில் பைரோலிடோனில் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் சோனிகேட் செய்து, 20 மைக்ரோலிட்டரைக் கிளாஸி கார்பனில் சொட்டி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். நானோகுழாய்த் தூளை முகமூடியோடு, புகைக்கூண்டில் மட்டும் எடை போடுங்கள். உலர்ந்ததும் அசிட்டோநைட்ரைலில் கரைத்த 1,4-நாஃப்தோகுவினோன் விட்டு, உலர்த்தி, பஃபரில் கழுவுங்கள். குழாய்ச் சுவரில் அது ஒட்டி நிற்கும்.

நொதிக்கு முன் சைக்ளிக் வோல்டாமெட்ரி: பிஎச் 7-இல் −0.1 முதல் −0.2 வோல்ட் பக்கத்தில் குவினோனின் இரட்டைச் சிகரம் தெரிய வேண்டும். சுற்றுக்குச் சுற்று சிகரம் சுருங்கினால் மீடியேட்டர் கரைந்து போகிறது; அது நின்ற பிறகே நொதிக்குப் போங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் நொதிக் கரைசல், குளிர்பெட்டியில் ஒரு இரவு. குளுக்கோஸ் சேர்த்ததும் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் எழுந்து நிற்க வேண்டும். ஆர்கானிலும் காற்றிலும் அது ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஆனோடு தேறியது.

## 10. மின்கலம்: கேத்தோடு

பிஎச் 7-இல் பிலிருபின் ஆக்சிடேஸ். பிஎச் 5 பக்கம் டிராமெட்டீஸ் வெர்சிகலர் லாக்கேஸ். இரண்டும் தாமிர நொதிகள். ஆக்சிஜனை நான்கு எலக்ட்ரானால் நேராக நீராக்கும். லாக்கேஸின் மின்னழுத்தம் கூடுதல், ஆனால் நடுநிலைப் பிஎச்-இல் சோர்ந்துவிடும். குளோரைடு அதைத் தடுக்கும். சாதாரண பிபிஎஸ் (உப்பு சேர்த்த பாஸ்பேட்) பஃபரில் 137 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. லாக்கேஸை பிபிஎஸ்ஸில் சோதித்து 'நொதி செத்துவிட்டது' என்று முடிவுகட்டுகிறார்கள். இரத்தம், வியர்வை சார்ந்த வேலைக்குப் பிலிருபின் ஆக்சிடேஸே தோது.

பஃபரில் கிருமி வளராமல் இருக்க சோடியம் அசைடு போடும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. கேத்தோடுக்கு அது விஷம். தாமிரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பொது பஃபர்ப் புட்டியை எடுக்காமல் உங்களுடையதைத் தனியாகச் செய்யுங்கள்.

நானோகுழாய்ப் படலத்தில் நொதியை இரவு முழுவதும் ஊறவிடுங்கள், மீடியேட்டர் வேண்டியதில்லை. நொதியின் தாமிரம் மேற்பரப்புக்கு அருகிலேயே இருப்பதால் குழாய் அதை நேரே தொடுகிறது. சோதனை: ஆர்கானில் தட்டையான கோடு, காற்றில் +0.5 வோல்ட் பக்கத்திலிருந்து ஒடுக்க மின்னோட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கேத்தோடின் வேலை.

## 11. கலத்தைச் சேர்த்து அளப்பது

இரண்டையும் ஒரே முகவையில், 0.1 மோலார் பாஸ்பேட், 5 மில்லிமோலார் குளுக்கோஸில் வையுங்கள். தடுப்புச் சவ்வு தேவையில்லை. ஒரு நொதி தொடுவதை மற்றது தொடாது. பஃபரை நீர்க்கச் செய்துவிடாதீர்கள். ஆனோடில் குளுகோனிக் அமிலம் உண்டாகி அந்த இடத்துப் பிஎச் இறங்கும்.

திறந்த சுற்று மின்னழுத்தம் (பளு எதுவும் இணைக்காதபோது உள்ளது) நிலைக்கட்டும், 0.6 முதல் 0.7 வோல்ட் வந்தால் இந்த அமைப்புக்கு நல்லது. பிறகு 1 மெகாஓமில் தொடங்கி 1 கிலோஓம் வரை தடைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் காத்து மின்னழுத்தம் குறியுங்கள். உதாரணமாக 10 கிலோஓமில் 0.45 வோல்ட் என்றால் மின்னோட்டம் 45 மைக்ரோஆம்பியர், திறன் சுமார் 20 மைக்ரோவாட். 3 மில்லிமீட்டர் மின்முனையின் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 286 மைக்ரோவாட்.

பொட்டன்ஷியோஸ்டாட்டில் வேகமாக ஸ்கேன் செய்து திறன் எழுதுவது கூடாது. நானோகுழாய் பெரிய மின்தேக்கி. 1 மில்லிஃபாரட் மின்முனையை நொடிக்கு 10 மில்லிவோல்ட்டில் ஸ்கேன் செய்தால் 10 மைக்ரோஆம்பியர் வெறும் தேக்க மின்னோட்டமாகவே வரும். நொதி அதில் ஒன்றும் செய்யவில்லை. ஸ்கேன்தான் வேண்டுமென்றால் நொடிக்கு 1 மில்லிவோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

அளக்கும்போதே நடுவில் ரெஃபரன்ஸ் ஒன்றை வைத்து, ஆனோடு, கேத்தோடு இரண்டின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். பளு கூடும்போது எது அதிகம் நகர்கிறதோ அதுதான் கலத்தின் பலவீனம். பெரும்பாலும் கேத்தோடாக இருக்கும். நீரில் ஆக்சிஜன் அவ்வளவு குறைவு. கேத்தோடு தடுமாறும்போது ஆனோடில் இன்னும் நொதி ஏற்றிப் பயனில்லை.

கடைசியாக, 0.6 வோல்ட் போதவில்லை என்று இரண்டு கலங்களைத் தொடராக இணைக்க நினைப்பீர்கள். ஒரே முகவையில் செய்தால் நடக்காது. முதல் கலத்தின் கேத்தோடை இரண்டாவதின் ஆனோடோடு கம்பியில் இணைத்ததும், இரண்டும் ஒரே கரைசலில் நிற்பதால் அவையே குறுக்குச்சுற்று ஆகிவிடும். வெளியே கிடைப்பது ஒரு கலத்தின் அழுத்தம்தான். கரைசலைத் தனித்தனி அறைகளாகப் பிரியுங்கள். பிரிக்க முடியாத இடத்தில், சில நூறு மில்லிவோல்ட்டிலேயே இயங்கத் தொடங்கும், மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் கன்வர்ட்டர் ஒன்றை வைத்து, மின்தேக்கியில் சேமித்து, விட்டுவிட்டு எடுங்கள். இடைவெளியில் மின்முனை அருகே ஆக்சிஜனும் குளுக்கோஸும் மீண்டும் நிரம்புவதால், தொடர்ந்து எடுப்பதைவிட அப்படி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கூடுதல் திறன் கிடைக்கும்.